ராஜையா கூட்டுக்குள் இருந்த காலம்

தையல்காரர் ராஜையா 1954 ஆகஸ்டு பதினான்காம் தேதி சனிக்கிழமை முதல் 1956 நவம்பர் நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை, மாவறவிளையில் தன் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பு அறையின் உத்தரத்தில் கூட்டுப்புழுவாகத் தொங்கினார். மொத்தம் எண்ணூற்றுப் பதின்மூன்று நாட்கள். அவருடைய மனைவி சுகிர்தபாயின் நோட்டில் இது நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. அதே நோட்டில் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான புழுக்களின் நாட்களும் இருப்பதால் அவள் எண்ணுவதில் தவறியிருக்க வழியில்லை.

மாவறவிளை பாறசாலைக்குத் தெற்கே, களியிக்காவிளைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் பாதி வீடுகளில் தமிழிலும் பாதி வீடுகளில் மலையாளத்திலும் பிள்ளைகளைத் திட்டினார்கள். சந்தையில் இரண்டையும் கலந்து விலை பேசினார்கள். சுகிர்தபாய் 1947இல் கல்யாணமாகி அங்கே வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், பென்சிலால் நன்றாகப் படம் வரைவாள். ராஜையா கைசுத்தமான தையல்காரர், குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் வீட்டில் இருக்கமாட்டார். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும், அதில் நெய்யாற்றின்கரையும் சேர வேண்டும் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் போவார். கொடிகளை அவரே தைத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தக் கூட்டத்தில் பேசியதை ஒன்றுவிடாமல் மறுபடி பேசிக்கொண்டே சாப்பிடுவார். சுகிர்தபாய் விளம்பிக்கொண்டே கேட்பாள். அவள் ஏதாவது சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் அவர் கை கழுவ எழுந்துவிடுவார்.

1949ஆம் வருடத்து மழைக்குப் பிறகு ஒரு நாள், கறிவேப்பிலைக் கன்றில் காக்கை எச்சம்போல ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டு அவள் துடைக்கப் போனாள். எச்சம் தலையைத் தூக்கி இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டி, புளித்த நாரத்தங்காய் வாடை வீசிற்று. அவள் சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு தனியாக இருக்கும்போது சிரித்தது அதுதான் முதல்தடவை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அந்தப் புழுவை இலையோடு கிள்ளி, வாயகன்ற ஒரு குப்பியில் போட்டு, தையல் மிச்சத்தில் கிடந்த மல்துணியால் வாயைக் கட்டினாள். காலையிலும் நடுப்பகலிலும் புது இலை வைத்தாள், காய்ந்த கழிவைத் தட்டிச் சுத்தம் செய்தாள். புழு நாலுதடவை தோலுரித்துப் பச்சையாயிற்று. பிறகு ஒரு நாள் தீனியை விட்டது, குப்பியைச் சுற்றிச் சுற்றி நடந்தது, வயிற்றிலிருந்ததையெல்லாம் தண்ணீராக வெளியேற்றியது, ஒரு குச்சியில் ஏறி இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து தொங்கிற்று. மறுநாள் தோல் முதுகில் பிளந்து கீழே விழுந்தது; கூடு இருந்தது. இரண்டு வாரத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று நனைந்த துணிபோல வெளியே வந்து, நாலு மணி நேரம் தொங்கிச் சிறகை உலர்த்திக்கொண்டு, ஜன்னல் வழியே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சாய்ப்பு முழுவதும் குப்பிகள் வந்தன. பக்கத்து வீட்டு விஜயம்மா எருக்கும் அரளியும் ஒடித்துக்கொண்டு வருவாள். மலையாளத்தில்தான் பேசுவாள், வண்ணத்துப்பூச்சியைப் பூம்பாற்ற என்பாள். இவள் தமிழில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் அது ஒரே பேச்சாகத்தான் இருந்தது. அம்பூரி மலையிலிருந்து ஈஸ்வரமூலிக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து சுகிர்தபாய் வேலியில் படரவிட்டாள். அதில் ஊரிலேயே பெரிய பூச்சி வந்து முட்டையிட்டது. முன்சிறகு கறுப்பு, பின்சிறகு பொன்மஞ்சள். அதன் கூடு சருகுபோலத் தொங்கும்; தொட்டால் நெளிந்து, பாம்புபோலச் சீறும். இந்தக் கூட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று அறிய ஒன்றை அவள் பிளேடால் கீறிப் பார்த்தாள். உள்ளே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டித் தண்ணீர்தான் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. இன்னொருதடவை, வெளியே வரச் சிரமப்பட்ட ஒரு பூச்சிக்கு நகத்தால் கூட்டைப் பிளந்து உதவினாள். அது சிறகு விரியாமல் ஆறு நாள் தரையில் இழைந்து செத்தது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டையும் அவள் தொட்டதில்லை.

1954 ஆகஸ்டில் போராட்டம் முற்றிற்று. பதினோராம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் செத்தார்கள். ராஜையா அன்று எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் நடுப்பகலில், ரப்பர் தோட்டங்கள் வழியாகச் சுற்றி, சட்டையில் வேறு யாருடைய ரத்தமோ காய்ந்திருக்க, வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து நின்றார். அவர் பெயர் போலீசிடம் இருந்தது. சுகிர்தபாய் அவரைச் சாய்ப்பில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவர் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. அவித்த மரச்சீனி ஒரு பானை தின்றார், இன்னும் உண்டா என்று கையால் கேட்டார். இரண்டு நாள் ஓயாமல் தின்றார். பயத்தில் சிலருக்கு வயிறு எரியும் என்று அவள் நினைத்தாள். சனிக்கிழமை காலையில் கிழங்கைத் தொடாமல் நகர்த்தி வைத்துவிட்டு, சாய்ப்பின் நாலு மூலைக்கும் நடக்கத் தொடங்கினார். இரண்டுமுறை கக்கூசுக்குப் போய் வந்தார். பிறகு நூல்கண்டை எடுத்துக்கொண்டு உத்தரத்தில் ஏறினார். அப்போதுதான் சுகிர்தபாய்க்கு விளங்கிற்று. அவள் ஐந்து வருடமாக நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதானே. அவர் வசதியாகத் தொங்குவதற்கு முறுக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். மாலைக்குள் சட்டை முதுகில் தானாகப் பிரிந்து, தோலோடு கீழே விழுந்தது. அவள் அந்தச் சட்டையை ரத்தக்கறை போகத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

மூன்றாம் நாள் பகலில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் புதியவர். கூட வந்த கான்ஸ்டபிள் கிருஷ்ணன்குட்டி பெருங்கடவிளைக்காரர். அவர் போட்டிருந்த காக்கி நிக்கர் ராஜையா தைத்தது. பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், நெல்லுப்பெட்டிக்குள் லத்தியால் குத்தினார்கள். சாய்ப்புக்குள் வந்தபோது நூற்றுச் சொச்சம் குப்பிகளைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. உத்தரத்தில் ஆள் உயரத்துக்குச் சருகு நிறத்தில் தொங்கியதைக் காட்டி அது என்ன என்றார். கிருஷ்ணன்குட்டி போய் லத்தியால் தட்டினார். அது நெளிந்து சீறியது. அவர் அந்த இடுப்புக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தார். ராஜையா துணிக்கட்டுக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. பிறகு சுகிர்தபாயின் முகத்தைப் பார்த்தார்.

“ஏத்தக்குலையாணு சாரே. பழுத்திட்டில்லா,” என்றார்.

ஏத்தன் வாழைக்குலை, இன்னும் பழுக்கவில்லை. சீறியது எலியாக இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டார். போகும்போது கிருஷ்ணன்குட்டி பின்தங்கி, மழைக்காலம், கதவை அடைத்தே வைத்தால் குலை அழுகிவிடும், காற்று படவேண்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. யாரும் வெளியே சொல்லவில்லை. சபையில் வாரந்தோறும் பெயர் சொல்லி ஜெபிக்கும்போது ராஜையாவை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று ஞானையன் உபதேசியாருக்குக் குழப்பம் வந்தது. நோயாளி இல்லை, சிறைப்பட்டவரும் இல்லை, ஒளிந்திருக்கிறவர் என்றால் காட்டிக்கொடுத்ததாகும். பயணத்தில் இருக்கிறவர்களோடு சேர்த்தார். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வந்து வீட்டு முற்றத்தில் ஒரு பாட்டும் சாய்ப்புப் பக்கமாகத் திரும்பி நின்று ஒரு பாட்டும் பாடினார்கள்.

சுகிர்தபாய்க்கு வேலை கூடிற்று. எறும்பு ஏறாமல் உத்தரத்தின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினாள். பங்குனி வெயிலில் கூடு உலர்ந்து வெடித்துவிடாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். அந்தத் தண்ணீர் சொட்டும்போது, இதற்குள்ளே அவரும் இப்போது தண்ணீர்தான் என்ற நினைப்பு வரும். ராஜையாவின் நெற்றித் தழும்பும், வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற விரலும், மேடைப் பேச்சும் எல்லாம் கலங்கிக் கிடக்கிறது; அதிலிருந்து எதெது மறுபடி சேரும், எது சேராது என்று அவளுக்குத் தெரியாது. வருகிறது ராஜையாவாக இருக்குமா என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சிறகு உலர்ந்தால் ஜன்னல் வழியே போய்விடும். அவள் வளர்த்ததில் ஒன்றும் நின்றதில்லை.

அப்படியிருந்தும் அவள் அவரிடம் பேசத் தொடங்கினாள். நடுப்பகலில் குப்பிகளுக்கு இலை மாற்றும்போது முதலில் ஊர் விஷயங்களைச் சொன்னாள்: விஜயம்மாவின் பசு கன்று போட்டது, உபதேசியார் வீட்டுச் சுவர் இடிந்தது, பாறசாலையில் புதிதாக இன்னொரு தையல்கடை வந்தது. அவர் எழுந்து கை கழுவப் போகவில்லை. அதனால் மேலும் சொன்னாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது டீச்சராக ஆசைப்பட்டதையும், அவருடைய அம்மா சாகும்வரை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாததையும் சொன்னாள். 1955ஆம் வருடம் ஆனி மாதத்தில், மூன்று நாள் விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். 1951இல் ஒருநாள், அவர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், அவள் ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில், வாகைமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த பஸ் எங்கே போனாலும் ஏறுவது என்று இருந்தாள். பஸ் வந்தது. நடுப்பகலாகிவிட்டது, புழுக்களுக்கு இலை மாற்றவில்லையே என்று தோன்றிற்று. எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். அவர் இரவு வந்து அன்றைய கூட்டத்தைப் பற்றிப் பேசினார். இதைச் சொல்லி முடித்தபோது கூடு ஒருதடவை நெளிந்தது. மழைக்காற்றாகவும் இருக்கலாம் என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

1956 நவம்பர் முதல் தேதி எல்லை மாறிற்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை போகவில்லை. எல்லை மாவறவிளைக்குத் தெற்கே நின்றுவிட்டது. களியிக்காவிளைப் பக்கம் வெடி வெடிப்பதும் செண்டை அடிப்பதும் காலையிலிருந்தே கேட்டது. மாவறவிளைக்காரர்கள் முற்றத்தில் இறங்கி நின்று கேட்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் கிழங்கு பிடுங்கப் போனார்கள்.

மத்தியானம் ராஜையாவின் தம்பி சத்தியராஜ் வந்தான். அவனும் போராட்டத்தில் இருந்தவன், ஒரு வருடம் உள்ளே கிடந்தவன். வெளியே மாட்டுவண்டி நின்றது. அண்ணனை வண்டியில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், அங்கே மேடைக்கு முன்னால் கூட்டைக் கீறி வெளியே எடுக்க வேண்டும், இந்த நாளைப் பார்க்காமல் அவர் தொங்கக்கூடாது என்றான். சொல்லிக்கொண்டே தையல் மேஜையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குள் போனான். சுகிர்தபாய் முன்னால் போய் நின்றாள்.

“வேண்டாம் சத்தியா. நேரம் வராம கீறப்பிடாது.”

“ரெண்டு வருசம் ஆச்சு மைனி. இனி எப்ப நேரம் வரும்?”

“அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நீ இப்ப கீறினா செறகு விரியாது, மக்கா. ஆறு நாளு தரையில கிடந்து இழைவாரு. பொறவு குழி வெட்டணும். அதுக்காக்கும் வண்டி கொண்டுவந்தே?”

சத்தியராஜ் கத்தரியை இறக்கவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்கு நாளைக்குத் தான் போகவேண்டும் என்றும், எங்கள் அண்ணனாவது உயிரோடு வந்து இதைப் பார்த்தார் என்று சொல்ல ஒன்று வேண்டாமா என்றும் கேட்டான். கேட்கும்போதே அழுதுவிட்டான். அவள் அவன் கையிலிருந்து கத்தரியை வாங்கவில்லை, அவன் அழுது முடியும்வரை அப்படியே நின்றாள். பிறகு அவனாகவே மேஜையில் வைத்தான். கஞ்சி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு போனான். அவன் குடியிருந்த குழித்துறை அன்றிலிருந்து வேறு ராஜ்யமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டின் நிறம் மாறிற்று. தோல் கண்ணாடிபோல மெலிந்து, உள்ளே மஞ்சள் மடிந்து கிடப்பது தெரிந்தது. சுகிர்தபாய் சபைக்குப் போகவில்லை. முதல் மணி அடித்தபோது கூடு மேல்பக்கம் வெடித்தது. ராஜையா தலை முதலில், ஈரமாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். அவள் உதவவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கீழே எட்டியபோதுதான் தோளைக் கொடுத்தாள். கோழியைவிடப் பாரம் குறைவாக இருந்தார். முதுகில் கசங்கிய துணிக்கட்டுபோல ஒட்டியிருந்த சிறகுகள் மெல்லமெல்ல இறங்கி விரிந்தன. முன்சிறகு கறுப்பு, பின்சிறகு பொன்மஞ்சள், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் எட்டாத அகலம். நெற்றியில் தழும்பு இருந்தது. அவர் கண் திறந்திருந்தது. ஆராதனை முடிந்து ஆட்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். விஜயம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

சிறகு உலர்ந்தபோது உச்சியாகியிருந்தது. சுகிர்தபாய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள், போதாது. கதவின் இரண்டு பலகையையும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ராஜையா முற்றத்துக்கு நடந்துபோனார், இரண்டுதடவை சிறகை அடித்துப் பார்த்தார், பலாமரத்துக்கு மேலே ஏறி வடக்கே போய்விட்டார். தெற்கே போவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். களியிக்காவிளைக்குப் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டார். சுகிர்தபாய் வெறும் கூட்டை இறக்கினாள், தரையில் சிந்தியிருந்த சிவந்த தண்ணீரைக் கழுவினாள், நோட்டில் தேதி போட்டாள். பிறகு வேறு வேலை இல்லாததுபோல வாசல்படியில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு அவர் நடந்து வந்தார். வாசலில் சிறகைச் சாய்த்து, தலைகுனிந்து உள்ளே நுழைந்தார்.

“நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு வரை போனேன் சுகிர்தம்,” என்றார். “நீ இருந்த எடத்தப் பாக்கணும்னு தோணிச்சு. கெழக்கே ஒரு வாகை நிக்கு. அதுக்க சோட்டுலயாக்கும் இருந்தே?”

“ஆமா,” என்றாள் அவள்.

“இனியும் போவியா?”

“நீங்க பேசவிட்டா இருப்பேன்.”

அவருக்கு மேடைப் பேச்சில் ஒரு வரியும் நினைவில்லை. அவர் தைத்த கொடியைக் கொண்டுவந்து காட்டியபோது தையலை மட்டும் பார்த்து, நெருக்கமாகத்தான் போட்டிருக்கிறேன் என்றார். எல்லை எங்கே வந்தது என்று சொன்னபோது செத்தவர்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஆனால் கூட்டுக்குள் இருந்தபோது சுகிர்தபாய் சொன்ன ஒவ்வொன்றும், உபதேசியார் வீட்டுச் சுவர் எந்தக் கிழமை இடிந்தது என்பதுவரை, அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பேசினாள், அவர் கேட்டார். முதுகில் இரண்டு நீளக் கீறல் விட்டுச் சட்டை தைத்துக்கொண்டார். சோறு இறங்காது, கருப்பட்டித் தண்ணீரும் கொல்லாம்பழச் சாறும் கனிந்த ஏத்தன்பழமும்தான். மேகம் போட்டால் சோர்ந்துவிடுவார் என்பதால் அளவு கொடுக்க வருகிறவர்கள் வெயில் நேரமாகப் பார்த்து வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் வந்தார்கள். சத்தியராஜின் கல்யாணத்துக்குக் குழித்துறைக்குப் பறந்தே போனார். சோதனைச்சாவடிக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொண்டுபோவது என்ன என்று கேட்டார், சம்பந்திக்கு ஒரு ரவிக்கை என்றார், போகச் சொல்லிவிட்டார். கள்ளிக்காட்டில் அணை கட்டிக்கொண்டிருந்த நாட்களில் சுகிர்தபாயை ஒருதடவை தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தூக்கிப் பார்த்தார். வேலிக்கு மேலே ஒரு முழம்தான் எழும்ப முடிந்தது. இரண்டு பேரும் ஈஸ்வரமூலிக் கொடியில் விழுந்து சிரித்ததை விஜயம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1958இல் அவர் நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் ஒரு பெருக்கலைக் கண்டார். அந்த ஜாதிப் பூச்சி கூட்டில் இருபத்தோரு நாள் இருக்கும், சிறகோடு முப்பத்தெட்டு நாள் இருக்கும். சிறகோரத்தில் மைப்புள்ளி வைத்து விட்டுப் பார்த்து அவள் அறிந்தது. எண்ணூற்றுப் பதின்மூன்று நாள் கூட்டில் இருந்தால் சிறகோடு எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. நாலு வருடத்துக்குச் சற்று மேலே வந்தது.

“சரியாக்கும் இது?” என்று கேட்டார்.

“சிலதுக்கு ரெண்டு நாளு கூடும்,” என்றாள்.

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காஜா எடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு மாலை அவள் பாறசாலைச் சந்தைக்குப் போனபோது கூடவே நடந்து போனார். பறக்காமல் நடந்தால் நேரமாகும் என்று அவள் சொன்னாள். ஆகட்டும் என்றார்.

1960இல் மழை முடிந்தபோது அவர் சிறகோரங்கள் பிசிறத் தொடங்கின. தலையணை உறையில் தினமும் மஞ்சள் பொடி படிந்தது. அவள் அதை உதறாமல் மடித்து வைத்து வேறு உறை போட்டாள். பெருக்கலில் வந்த தேதி நவம்பர் பதினான்கு. அது கடந்தது. இன்னும் ஆறு நாள் அவர் இருந்தார். அந்த ஆறு நாளும் அவள் இலை பறிக்கப் போன நேரம் தவிர அவர் பக்கத்திலேயே இருந்து, சொல்லாமல் விட்டிருந்த சில்லறை விஷயங்களையெல்லாம் சொல்லி முடித்தாள். இருபதாம் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால், அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் போய்விட்டார்.

பெருங்கடவிளையிலிருந்து ஆசாரி பெட்டிக்கு அளவெடுக்க வந்தார். நீளத்தை அளந்தார். அகலத்துக்கு வந்தபோது கோலைப் பிடித்தபடி நின்றார். விரித்து வைத்தால் கதவு அகலத்துக்குப் பலகை வேண்டும், அத்தனை அகலத்துக்கு ஆஞ்சிலி மரம் கையில் இல்லை, இரண்டு பலகையைச் சேர்த்துத்தான் அடிக்கவேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மடக்கினா போதும்,” என்றாள் சுகிர்தபாய். “ஒறங்கும்போ அதுக மடக்கித்தான் வைக்கும்.”

ஆசாரி சரி என்று சொல்லி, அந்த அளவைக் குறித்துக்கொண்டு போனார்.